யாருடைய நார்மல்? – டாக்டர் கார்லோஸ் மோன்ஹேயின் கதை

போன செமஸ்டர் நம்ம கல்லூரி என்.எஸ்.எஸ். ரத்ததான முகாமில் என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கையடக்கமா ஒரு மெஷின். திரையில் 12.1 என்று வந்தது. ரத்தம் கொடுக்கணும்னா நூறு மில்லி ரத்தத்தில் குறைந்தது 12.5 கிராம் ஹீமோகுளோபின் இருக்கணுமாம். பிஸ்கட்கூட கிடைக்கல. பின்னாடி நின்ற ரூம்மேட்டுக்கு 16. கேட் எக்ஸாமில் ரேங்க் வாங்கின மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு உள்ளே போனான்.

கடுப்பில் அந்த டெக்னீஷியன் அக்காவிடம், அப்போ 20 இருந்தா இன்னும் சூப்பர்தானே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. 20 வந்தா ரத்தம் எடுக்க மாட்டோம், உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லுவோம் என்றார்.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து தேடியபோதுதான் தெரிந்தது, 20 என்பது சர்வசாதாரணமாக இருக்கும் ஊர்கள் உலகத்தில் உண்டு என்று. அங்கே 20 கிராமோடு ஆட்கள் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்க்கிறார்கள், சாயங்காலம் கால்பந்து ஆடுகிறார்கள். அதே ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் 23, 24 என்று ஏறி, உதடு நீலமாகி, ராத்திரி தூக்கம் வராமல் தவிக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் ஒரு பெரு நாட்டு டாக்டர், கார்லோஸ் மோன்ஹே மெத்ரானோ. ஸ்பானிஷ் பெயர் என்பதால் மோன்ஹே. நம்ம வாயில் மோங்கே என்று வந்தாலும் அவர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை, 1970-லேயே இறந்துவிட்டார். ஆனால் அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான்: மோன்ஹே நோய்.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். பெருவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் செரோ தே பாஸ்கோ என்று ஒரு சுரங்க நகரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,330 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அதன் தலையில் இன்னும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொட்டபெட்டாவை ஏற்றி வைத்தால் வரும் உயரம். மலையேறிப் பார்த்துவிட்டு இறங்கும் இடமில்லை அது. வெள்ளி, செம்பு, ஈயம், துத்தநாகம் என்று தோண்டத் தோண்டக் கிடைப்பதால் ஜனங்கள் நூற்றாண்டுக் கணக்கில் குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறார்கள்.

அங்கே ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்வோம். கறாராகப் பார்த்தால் அது பாதி உண்மை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் செரோ தே பாஸ்கோவிலும் காற்றில் ஆக்சிஜன் பங்கு அதே 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். பழவேற்காட்டுக் காற்று அடிக்கும் நம்ம ஊரில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் அங்கே ஏறத்தாழ 450. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் இங்கே கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கும். மூச்சை அடக்க முடியாது, ஊரை மாற்ற முடியாது, ஆகவே உடம்பு ஒரு வேலை செய்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்களை அதிகமாக உற்பத்தி பண்ணுகிறது. சரக்கு குறைவாக வருகிறதா, லாரியைக் கூட்டு என்ற கணக்கு.

இதை முதலில் எண்ணிக் காட்டியவர் ஃபிரான்சுவா வியோ என்ற பிரெஞ்சுக்காரர். 1889-ல் லிமாவிலிருந்து ரயிலேறி, மொரோகோச்சா என்ற சுமார் 4,500 மீட்டர் உயரச் சுரங்க ஊருக்குப் போய்த் தன் ரத்தத்தையே சோதித்தார். கடலோரத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 50 லட்சமாக இருந்த சிவப்பணுக்கள் இரண்டு வாரத்தில் 70 லட்சத்தைத் தாண்டின, பிறகு 80 லட்சத்தைத் தொட்டன. ரத்தம் கெட்டியாவது உடம்பின் சாமர்த்தியம் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். அந்தச் சாமர்த்தியம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

கேட்கப்போகிறவருக்கு அப்போது ஏறத்தாழ ஐந்து வயது. மோன்ஹே 1884 டிசம்பரில் லிமாவில் பிறந்தார். லிமா கடலோர நகரம், நம்ம சென்னை மாதிரி. மலை மனிதர்களுக்காகப் பின்னாளில் இவ்வளவு சண்டை போட்டவர் மலையில் பிறந்தவர் இல்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். பிறகு லண்டன் போய் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். ஊர் திரும்பி அதே சான் மார்கோஸில் மருத்துவப் பேராசிரியர் ஆனார். உயரநோய் என்று தனி ஒரு துறையே அப்போது கிடையாது. வந்த நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நகரத்து டாக்டர், அவ்வளவுதான்.

அவரை மலைப் பக்கம் திருப்பியது இரண்டு விஷயம். ஒன்று, ஒரு நோயாளி. இன்னொன்று, ஒரு புத்தகம். இரண்டும் 1925.

நோயாளி செரோ தே பாஸ்கோவிலிருந்து வந்தவர். இந்த நோய்க்காரர்களின் முகத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது என்று டாக்டர்கள் எழுதுகிறார்கள். முகம் சிவப்பும் நீலமும் கலந்த கருமை, கண்ணில் ரத்தம் கட்டினாற்போல் சிவப்பு, உதடும் நகமும் நீலம், புடைத்த நரம்புகள். தலைவலி, காதில் ஓயாத இரைச்சல், உள்ளங்கையிலும் பாதத்திலும் எரிச்சல், படுத்தால் தூக்கமில்லை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மோன்ஹே சிவப்பணுக்களை எண்ணிப் பார்த்தார். அந்த உயரத்து ஆட்களுக்கு இருக்க வேண்டியதைவிட வெகு அதிகம்.

எண்ணினார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். இப்போது போல மெஷினில் வைத்தால் நிமிஷத்தில் அறிக்கை வரும் காலமில்லை. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, இருநூறு மடங்கு நீர்க்கச் செய்து, கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு கட்டமாக எண்ணி, பெருக்கிக் கணக்குப் போடணும். நம்ம லேபில் வெர்னியர் காலிப்பரில் மூன்று ரீடிங் எடுத்துவிட்டு நாலாவதை மனசாலேயே எழுதுகிற நமக்கு இது புரியாது.

எண்ணியாயிற்று. பெயர் என்ன வைப்பது? அன்றைய மருத்துவத்தில் சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும் ஒரு நோய் ஏற்கெனவே தெரிந்திருந்தது. 1892-ல் பாரிஸில் வாக்கே என்பவர் விவரித்தது. அதில் எலும்பு மஜ்ஜையே கெட்டுப்போய்க் கட்டுப்பாடில்லாமல் அணுக்களைத் தள்ளும். மோன்ஹேயும் தன் நோயாளிக்கு வாக்கே நோய் என்றே சீட்டு ஒட்டி, உயரத்தில் வந்த வாக்கே நோய் என்று லிமாவின் மருத்துவக் கழகத்தில் அறிக்கை வாசித்தார்.

அது தப்பு. எண்ணிக்கை சரி, அர்த்தம் தப்பு. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஏன்னா அந்தத் தப்பை மூன்றே வருஷத்தில் அவரே கண்டுபிடித்து, அவரே திருத்தினார்.

இப்போது புத்தகம். கேம்பிரிட்ஜில் ஜோசப் பார்க்ராஃப்ட் என்று ஒரு பெரிய உடலியல் அறிஞர் இருந்தார். சாதாரண ஆளில்லை. 1920-ல் ஆக்சிஜன் குறைக்கப்பட்ட கண்ணாடி அறைக்குள் ஆறு நாள் தானே உட்கார்ந்து, கடைசியில் மணிக்கட்டுத் தமனியைத் திறந்து ரத்தம் எடுக்கவிட்ட மனிதர். 1921-22-ல் ஒரு குழுவோடு பெருவுக்கு வந்தார். ரயிலின் சாமான் பெட்டி ஒன்றையே ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டு செரோ தே பாஸ்கோ ஏறினார். நுரையீரல் தானாக ஆக்சிஜனைச் சுரந்து ரத்தத்துக்குள் தள்ளுகிறதா, இல்லை அழுத்த வேறுபாட்டால் அது தானே ஊடுருவிப் போகிறதா என்பது அன்றைய பெரிய சர்ச்சை. ஊடுருவல்தான் என்று அவருடைய அளவீடுகள் காட்டின. அந்த வேலை இன்றும் நிற்கிறது.

ஆனால் 1925-ல் வந்த தன் புத்தகத்தில் அவர் இன்னொரு வரியும் எழுதிவிட்டார். உயரத்தில் வாழ்கிற எல்லாருமே உடல் திறனிலும் மனத் திறனிலும் குறைபட்டவர்கள் என்பது அதன் சாரம்.

யோசித்துப் பாருங்க. இன்கா பேரரசை நடத்தியவர்கள், அந்தச் சுரங்கங்களைத் தோண்டுகிறவர்கள், லட்சக்கணக்கான ஜனங்கள். சில வாரம் வந்து போன ஒருவர், பாதி நேரம் தனக்கே தலைவலியும் வாந்தியுமாக இருந்தவர், மொத்தமாகக் குறைபட்டவர்கள் என்று எழுதிவிட்டார். மோன்ஹே கொதித்துப்போனார். கோபத்தில் கட்டுரை எழுதிவிட்டு ஓய்ந்திருக்கலாம், நாமா இருந்தா ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருப்போம். அவர் குழு சேர்த்தார்.

1927-ல் சான் மார்கோஸ் மருத்துவப் பிரிவிலிருந்து டாக்டர்களும் மாணவர்களுமாக மலையேறினார்கள். ஹார்வர்டில் படித்துவிட்டு வந்திருந்த அல்பெர்த்தோ ஊர்த்தாதோ என்ற இளைஞரும் அதில் ஒருவர். மத்திய ரயில்பாதையிலேயே போனார்கள். கடல் மட்டத்தில் கிளம்பி ஒரே நாளில் 4,700 மீட்டரைத் தாண்டும் பாதை அது. லா ஒரோயா, மொரோகோச்சா போன்ற ஊர்களில் இறங்கி, அங்கேயே பிறந்து வளர்ந்த ஆரோக்கியமான ஆட்களை அளந்தார்கள். மார்பு விரிவு, நாடித் துடிப்பு, மூச்சு, ரத்தம். பார்க்ராஃப்ட் கேட்டது, மலை மனிதன் நம்மிடமிருந்து எவ்வளவு குறைகிறான் என்று. மோன்ஹே கேட்டது, மலையில் நல்லா இருக்கிற மனிதனின் அளவு என்ன என்று. அளவுகோலையே மாற்றிப் பிடித்தார்.

பிற்காலத்தில் ஊர்த்தாதோ இதை முறையாகச் செய்து முடித்தார். லிமாவில் ஆரோக்கியமான ஆணின் சராசரி ஹீமோகுளோபின் 15.6 கிராம். மொரோகோச்சாவில் 20.1. முகாமில் அந்த அக்கா டாக்டரிடம் அனுப்புவேன் என்றாரே, அந்த எண் அங்கே சராசரி.

இந்த அளவுகோல் கைக்கு வந்த பிறகு நோயாளிகளைத் திரும்பப் பார்த்தபோது படம் தெளிந்தது. 1928-ல் ஆண்டிஸ் நோய் என்ற தலைப்பில் மோன்ஹே தன் ஆய்வை வெளியிட்டார். அதில் வாக்கே நோய் என்ற சீட்டைக் கிழித்துவிட்டார். வாக்கே நோயில் மஜ்ஜை கெட்டது, ஆளை எங்கே கொண்டுபோனாலும் அது கெட்டதுதான். இவர்களை ரயிலேற்றி லிமாவுக்கு இறக்கினால் சில வாரத்தில் முகம் தெளிகிறது, தலைவலி போகிறது, சிவப்பணு எண்ணிக்கை இறங்குகிறது. மறுபடி மலைக்கு அனுப்பினால் மறுபடி வருகிறது. ரயில் டிக்கெட்தான் அவருடைய பரிசோதனைக் கருவி. எண் ஒன்றாக இருந்தாலும் நோய் வேறு என்பதை மைக்ராஸ்கோப் சொல்லவில்லை, ஆளை இடம் மாற்றியதுதான் சொன்னது.

இன்னொன்றும் சொன்னார். புதிதாக மலைக்கு வருகிறவனுக்கு முதல் இரண்டு நாள் வரும் தலைவலி, வாந்தி வேறு. அதை அங்கே சொரோச்சே என்பார்கள், நானூறு வருஷமாகத் தெரிந்த விஷயம். இது, வருஷக்கணக்கில் அங்கேயே நல்லா இருந்தவனுக்கு, சில சமயம் அங்கேயே பிறந்தவனுக்கு வருவது. பழகிய உடம்பு ஒரு கட்டத்தில் பழக்கத்தை இழக்கிறது என்று அவர் விளக்கினார். சிவப்பணுவைக் கூட்டு என்ற கட்டளை நிற்காமல் ஓடுகிறது.

கூடினால் என்ன கெடுதல்? மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு வரியில் சொல்லலாம், பாகுநிலை. ரத்தத்தில் அணுக்களின் பங்கு சாதாரணமாக நூற்றுக்கு 45. இது 60, 65 என்று ஏற ஏறப் பாகுநிலை நேர்கோட்டில் ஏறாது, வளைந்து மேலே பாயும். மண்ணெண்ணெய் ஓடிய குழாயில் கியர் ஆயில் ஓடுகிற மாதிரி. பம்ப் அதே பம்ப்தான், இதயம். லாரிகளைக் கூட்டிக் கூட்டி ஜி.என்.டி. ரோட்டில் கவரைப்பேட்டை வரைக்கும் டிராஃபிக் ஜாம் ஆனால் சரக்கு போய்ச் சேருமா? ஆக்சிஜன் சுமக்கத்தான் அணு பெருகியது, பெருகியதாலேயே ஆக்சிஜன் போய்ச் சேரவில்லை. நுரையீரலுக்குத் தள்ளும் இதயத்தின் வலது பக்கம் மெல்ல வீங்கும், கடைசியில் தளரும்.

1929-ல் பாரிஸில் இந்த ஆய்வு பிரெஞ்சில் புத்தகமாக வந்தது. அங்கே மருத்துவப் பேராசிரியர் ரோஜே என்பவர்தான் இதற்கு மோன்ஹே நோய் என்று பெயர் சூட்டினார். பார்க்ராஃப்டுக்கும் பதில் போய்ச் சேர்ந்தது. மலையில் இருந்தபோது பார்க்ராஃப்டே தனக்குத் தெரியாமல் மலைநோயில் இருந்திருக்கிறார், தன் நோயை ஊரார் மேல் ஏற்றி எழுதிவிட்டார் என்பது மோன்ஹேயின் வாதம். மிதமான மொழியில் சொன்ன காரமான பதில்.

1931-ல் சான் மார்கோஸில் ஆண்டிய உயிரியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. மோன்ஹே அதன் இயக்குநர், ஆய்வுப் பொறுப்பு ஊர்த்தாதோவிடம். மொரோகோச்சாவில் அதற்கு ஒரு ஆய்வுக்கூடம். பணம் எங்கிருந்து வந்தது என்றால் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் உதவியது, பின்னாளில் அமெரிக்க விமானப் படையும் உதவியது. விமானங்கள் மேலே மேலே பறக்க ஆரம்பித்த காலம். ஆக்சிஜன் குறைந்தால் விமானிக்கு என்ன ஆகும் என்று தெரிந்தாக வேண்டிய ராணுவத்துக்கு, அந்தக் குறைவிலேயே வாழ்கிற ஜனங்கள் திடீரென்று முக்கியமானார்கள். சுரங்கத்தில் இறங்கியபோது இல்லாத அக்கறை அது.

மோன்ஹே ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை, பழைய ஆவணங்களைத் தோண்ட ஆரம்பித்தார். அதன் விளைவுதான் 1948-ல் ஆங்கிலத்தில் வந்த ஆண்டிஸில் உடல் பழகுதல் பற்றிய நூல். அதில் வரும் சரித்திரம் சுவாரசியமானது. ஸ்பானியர்கள் முதலில் தலைநகராக வைத்திருந்தது மலை மேலிருந்த ஹௌஹா என்ற ஊரை. அங்கே குதிரையும் பன்றியும் கோழியும் குட்டி போடவில்லை, குஞ்சு பொரிக்கவில்லை என்பதும் தலைநகர் 1535-ல் கடலோர லிமாவுக்கு இறங்கியதற்கு ஒரு காரணம். சுமார் 4,000 மீட்டரில் இருக்கும் பொத்தோசி வெள்ளிச் சுரங்க நகரில், ஊர் உண்டாகி 53 வருஷம் கழித்துத்தான் ஒரு ஸ்பானியக் குழந்தை பிறந்து உயிர் பிழைத்தது என்று பழைய பாதிரியார் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் குறிப்புகளை மோன்ஹே சும்மா மேற்கோள் காட்டிவிட்டுப் போகவில்லை. கீழேயிருந்து ஆட்டுக்கிடாய்களை மலைக்குக் கொண்டுபோய், அவற்றின் இனப்பெருக்கத் திறன் என்னாகிறது என்று சோதித்தும் பார்த்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லணும். பாதிச் சண்டை அறிவியல், மீதிப் பாதி தேசப் பெருமை என்று ஆனபோது மோன்ஹேயும் வழுக்கினார். மலை மனிதன் குறைபட்டவன் இல்லை என்று தொடங்கியவர், அவன் தனி ஒரு மனித வகை, உயரத்துக்கென்றே வார்க்கப்பட்டவன் என்கிற வரைக்கும் போனார். 1949-ல் ஐ.நா. குழு கோக்கா இலை மெல்லும் பழக்கத்தை ஆராய வந்தபோது, பெரு தரப்புக் குழுவுக்கு இவர் தலைவர். அந்தப் பழக்கம் கெடுதல், நிறுத்தணும் என்று ஐ.நா. குழு சொன்னது. அது மலை வாழ்க்கைக்கு உடம்பு கண்டுகொண்ட ஒரு உதவி என்ற பக்கம் இவர் நின்றார். வறுமையும் பசியும் அந்த இலையை மெல்ல வைக்கின்றன என்று சொன்ன சொந்த நாட்டு ஆய்வாளர்களோடும் மோதினார். எனக்குப் புரியாத இடம் ஒன்று உண்டு. அவ்வளவு கச்சிதமாக வார்க்கப்பட்டவன் என்றால், அவனுக்கு ஏன் மோன்ஹே நோய் வருகிறது? நோயைக் கண்டுபிடித்தவரே இந்தக் கேள்வியை முழுசாக எதிர்கொள்ளவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எதிர்கொண்டவர் அவர் வீட்டிலேயே இருந்தார். மகன், அவர் பெயரும் கார்லோஸ்தான், கார்லோஸ் மோன்ஹே காசினெல்லி. 1921-ல் பிறந்தவர், அவரும் உடலியல் அறிஞர். அப்பா 1970 பிப்ரவரியில் 85 வயதில் லிமாவில் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து, 1972-ல், மகனும் அவருடைய சகா வித்தெம்புரியும் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். மலையில் வயது ஏற ஏற ரத்தத்தில் அணுக்களின் பங்கும் ஏறிக்கொண்டே போகிறது என்பது அதன் விஷயம். வயதாக வயதாக மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, ரத்தம் அதற்கேற்பக் கெட்டியாகிறது. அப்படிப் பார்த்தால் மோன்ஹே நோய் என்பது ஆரோக்கியமானவர்களிடமிருந்து வேலி போட்டுப் பிரித்த தனி நோயாகத் தெரியவில்லை. மொத்த ஊரும் ஒரே வளைவரையில் நிற்கிறது, நோயாளிகள் அதன் கோடியில் நிற்கிறார்கள்.

மகன் இன்னொரு விஷயத்தையும் காட்டினார். லாமா போன்ற ஆண்டிஸ் விலங்குகளைப் பாருங்கள், அவை எத்தனையோ காலமாக மலையில் வாழ்கின்றன, அவற்றின் ரத்தம் கெட்டியாகவே இல்லை. அப்படியானால் கெட்டி ரத்தம் மலைக்கான வரம் என்று அப்பா காலத்தில் நம்பியது, உண்மையில் கீழ்நாட்டு உடம்பு மலையில் மாட்டிக்கொண்டு செய்யும் சமாளிப்பாக இருக்கலாம். திபெத்தியர்கள் இதற்கு நல்ல சாட்சி. அதே உயரத்தில் அவர்களுடைய ஹீமோகுளோபின் ஆண்டிஸ் மக்களைவிடக் குறைவு, மோன்ஹே நோயும் அவர்களிடம் அபூர்வம். 2010-ல் வந்த மரபணு ஆய்வுகள் இதற்கு ஈபாஸ்1 என்ற மரபணுவின் ஒரு வடிவத்தைக் கைகாட்டின. அப்பாவின் பெயர் கொண்ட நோயில், அப்பாவின் கருத்தை மகன் அளவீட்டால் திருத்தினார். அப்பா வாக்கே சீட்டைக் கிழித்த வீடுதானே அது.

சரி, இப்போது கோடு எங்கே போட்டிருக்கிறார்கள்? 2004-ல் சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில் நடந்த மாநாட்டில் உலக நிபுணர்கள் கூடி ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். 2,500 மீட்டருக்கு மேல் வாழ்கிறவர்களுக்கு, ஆணுக்கு ஹீமோகுளோபின் 21, பெண்ணுக்கு 19. அதைத் தொட்டால் 3 மதிப்பெண். மூச்சு வாங்கலும் படபடப்பும், தூக்கக் கேடு, நீலம் பாய்தல், நரம்பு புடைத்தல், மரத்துப்போதல், தலைவலி, காது இரைச்சல் என்று ஏழு அறிகுறிக்குத் தலா 3 வரை. மொத்தம் 24. ஐந்து வரை வந்தால் நோய் இல்லை. நம்ம இன்டர்னல் மார்க் மாதிரி கூட்டிப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஹீமோகுளோபின் எவ்வளவு ஏறினாலும் அதற்குக் கிடைப்பது 3-தான், அதை மட்டும் வைத்து யாரையும் நோயாளி ஆக்க முடியாது. 1925-ல் மோன்ஹே பட்ட அடி இந்த அட்டவணைக்குள் இருக்கிறது.

அந்த 21-ம் ஒரு ஒப்பந்தம்தான். ஆகவே ஹீமோகுளோபினைவிட நம்பகமான அடையாளம் ரத்தத்தில் உண்டா என்ற தேடல் இன்னும் ஓடுகிறது. சிறுநீரகம் சுரந்து மஜ்ஜைக்கு உத்தரவு போடும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன்தான் குற்றவாளியாக இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அளந்தால் நோயாளிக்கும் ஆரோக்கியமானவருக்கும் பெரும்பாலும் ஒரே அளவில் வந்து குழப்புகிறது. அந்த ஹார்மோனை ரத்தத்திலேயே பிடித்து வைக்கும் ஒரு புரதம் நோயாளிகளிடம் குறைவாக இருக்கிறது, அதனால் உத்தரவு தடையில்லாமல் மஜ்ஜைக்குப் போகிறது என்று பெருவில் ஒரு குழு காட்டியது. செரோ தே பாஸ்கோவிலேயே 2002-ல் வந்த ஓர் ஆய்வு இன்னும் வேறு திசையில் போனது. ரத்தம் மிகக் கெட்டியான சிலருடைய ரத்தத்தில் கோபால்ட் இருந்தது. கோபால்ட்டும் மஜ்ஜையைத் தூண்டக்கூடியது. சுரங்க ஊர் என்பதை மறந்துவிட்டு உயரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோமோ என்ற சந்தேகம் அதோடு வந்தது. உருக்காலைப் புகைக்கும் தூசிக்கும் நடுவில் சைக்கிளில் போய் வருகிற நம்ம ஆட்களுக்கு இது சட்டென்று புரியும்.

வைத்தியம் மட்டும் அதிகம் மாறவில்லை. கீழே இறங்கு. இறங்க முடியாதவனுக்கு அவ்வப்போது ரத்தத்தை வடித்துவிடுவார்கள். மாத்திரைகளும் சோதிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் வேலை மேலே இருக்கும்போது இறங்கு என்பது எத்தனை பேரால் முடியும்?

நம்ம நாட்டுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. சியாச்சின் பகுதியில் 5,800 மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காவல் இருந்த 21 ஜவான்களுக்கு உடம்பு நீர் கோத்து, இதயத்தின் வலது பக்கம் வீங்கி வந்ததை இந்திய டாக்டர்கள் 1990-ல் லான்செட் இதழில் பதிவு செய்தார்கள். இது மோன்ஹே நோய் இல்லை, அதற்கு வருஷங்கள் வேண்டும். இது நடுவில் ஒரு வகை. இவர்களும் கீழே கொண்டுவந்ததும் தேறினார்கள்.

நம்ம கல்லூரி சிவில் சீனியர் ஒருவர் லடாக்கில் ரோடு போடும் வேலையில் இருக்கிறார். சொந்த ஊர் பொன்னேரி பக்கம். எட்டு மாதம் கழித்து லீவில் வந்தவரை அவர் அம்மா, முகம் ஏன்டா இப்படிச் சிவந்து கிடக்கு என்று லேபுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஹீமோகுளோபின் 18.4. பக்கத்தில் தடித்த எழுத்தில் அதிகம் என்ற குறி, அதற்குப் பக்கத்தில் நார்மல் 13 முதல் 17 என்று அச்சு. அம்மா அழுதுவிட்டாராம். எங்கே வேலை பார்த்தீங்க என்று அந்தத் தாளில் ஒரு கட்டம் இல்லை. பார்த்த டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, மருந்து எதுவும் எழுதாமல், லீவு முடிவதற்குள் இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க என்று அனுப்பிவிட்டார். ஆறு வாரம் கழித்து எடுத்தார்கள். 15.8. மே மாதம் அவர் திரும்ப மேலே போகிறார்.